மிஞ்சுகிற இரண்டு இடங்கள்

மார்ச் மாதம் முதிர்ந்து, ஃப்ளோரிடாவிலும் அரிஸோனாவிலும் அமெரிக்கப் பேஸ்பால் குழுக்களின் பயிற்சி ஆட்டங்கள் முடிவுறும் தறுவாயில், நட்சத்திர ஆட்டக்காரர்களைப் பற்றிய பேச்சு ரசிகர்களிடையே அநேகமாக ஓய்ந்துபோய்விடுகிறது. அவர்கள் ஆடப்போவது நிச்சயம், அதில் தர்க்கத்துக்கு இடமில்லை. தர்க்கமெல்லாம், முதல் பந்து எறியப்படும்போது பெஞ்சில் உட்கார்ந்திருக்கப்போகிற ஒன்றிரண்டு மாற்று அவுட்ஃபீல்டர்கள் யார் யார் என்பதைப் பற்றித்தான். வருஷத்தில் பாதி நாள் உட்கார்ந்தே கழிக்கப்போகிற ஒருவருக்காக மனிதர்கள் மணிக்கணக்கில் வாதாடுவதைக் கண்டு வெளியார் நகைக்கக்கூடும். நமக்கோ அவர்கள்மீது அனுதாபமே உண்டு; வாதம் வீணானதன்று, வாதத்துக்கு அவர்கள் எடுத்துக்கொள்ளும் ஆதாரந்தான் பெரும்பாலும் பிசகு.

முதலில் கணக்கைப் பார்ப்போம். 2020 முதல் குழுவுக்கு 26 பேர். அதற்கு முன் 25. அந்த 26-இல் பிட்சர்கள் 13 பேருக்கு மேற்படலாகாதென்பது விதி. அந்த வரம்பை நிரப்பாமல் விடும் நிர்வாகம் அபூர்வம். எஞ்சிய 13 பேரில், களத்தில் நிற்கும் எட்டுப் பேரும் மட்டையடிப்பதற்கென்றே நியமிக்கப்படும் ஒருவரும் போக, நான்கு இடம். அவற்றில் ஒன்று மாற்றுக் கேட்சருக்கு, ஒன்று உள்களத்தில் எங்கும் நிற்கவல்ல ஒருவருக்கு என்று ஒதுக்கிவிட்டால், அவுட்ஃபீல்டர்களுக்கு மிஞ்சுவது இரண்டு, சில குழுக்களில் ஒன்றே ஒன்று. கிரிக்கெட்டின் பன்னிரண்டாவது ஆட்டக்காரரைப் போல் இந்த மாற்று ஆட்டக்காரர் சற்று நின்றுவிட்டுத் திரும்புகிறவருமல்லர்; ஒருவரை விலக்கி இவரை இறக்கிவிட்டால், விலக்கப்பட்டவர் அன்றைய ஆட்டத்தில் மறுபடி கால்வைக்க முடியாது.

இத்தகைய ஸ்தானத்துக்கு ஆள் தேடும்போது, பயிற்சி ஆட்டங்களில் எவர் .400 சராசரியில் அடித்தார் என்று பார்ப்பது வழக்கமாகிவிட்டது. ஐம்பது தடவை மட்டை பிடித்ததில் கிடைத்த சராசரி அது; எதிரே எறிந்தவர்களில் பலர் ஏப்ரலில் கீழ்நிலைக் குழுக்களுக்குத் திரும்பப்போகிறவர்கள், மற்றும் சிலர் புதிய எறிமுறையொன்றைப் பரீட்சித்துப் பார்க்கும் அனுபவசாலிகள். இதை வைத்து ஒருவரது யோக்கியதையை நிர்ணயிப்பது ஜாதகம் பார்ப்பதைவிட அதிகம் சாஸ்திரீயமானதென்று சொல்வதற்கில்லை.

சராசரி சொல்லாததற்கு ஓர் உதாரணம் பார்ப்போம். 2004 ஜூலை 31-இல் பாஸ்டன் ரெட் ஸாக்ஸ் குழு, லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸிடமிருந்து டேவ் ராபர்ட்ஸ் என்ற அவுட்ஃபீல்டரைப் பெற்றது. அன்றுதான் பாஸ்டனின் செல்லப்பிள்ளையான நோமார் கார்சியாபாராவும் வேறு குழுவுக்கு அனுப்பப்பட்டாராகையால், ஊரே அந்தத் துக்கத்தில் இருந்தது. வெளிக்களத்தில் மான்னி ராமிரெஸ், ஜானி டேமன், டிராட் நிக்ஸன் என்ற மூவர்; அவர்களுக்கு மாற்றாகக் கேப் கேப்ளர் வேறு. ராபர்ட்ஸ் பாஸ்டனுக்காக ஆடியது 45 ஆட்டங்கள், சராசரி .256. சராசரியை மட்டும் கொண்டு தீர்ப்பளிப்பதானால் அக்டோபர் பட்டியலில் அவர் பெயர் அவசியமற்றது. ஆனால் அந்த வருஷம் இரண்டு குழுக்களுக்குமாக அவர் திருடிய பேஸ்கள் 38, பிடிபட்டது மூன்றே தடவை.

அக்டோபர் 17 இரவு, நியூயார்க் யாங்கீஸுடனான தொடரில் மூன்று ஆட்டங்களை வரிசையாகத் தோற்று, நான்காவதிலும் 4-3 என்று பின்தங்கி, ஒன்பதாவது இன்னிங்ஸில் மரியானோ ரிவேரா என்ற மகா பிட்சரின் எதிரே பாஸ்டன் நின்றபோது, கெவின் மில்லார் நான்கு தவறான பந்துகளால் முதல் பேஸுக்குச் சென்றார். அவருக்குப் பதிலாக மானேஜர் டெர்ரி ஃபிராங்கோனா ராபர்ட்ஸை ஓட அனுப்பினார். அவர் ஓடப்போகிறாரென்பது மைதானத்திலிருந்த அத்தனை பேருக்கும் பிரத்தியட்சம். ரிவேரா மூன்று தடவை முதல் பேஸுக்குப் பந்தை எறிந்து அவரை மடக்கப் பார்த்தார். அப்படியிருந்தும் மட்டையாளருக்கு எறிந்த முதல் பந்திலேயே ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸைத் திருடினார், பில் மியூலர் அடித்த அடியில் வீடு வந்து ஆட்டத்தைச் சமனாக்கினார். பன்னிரண்டாவது இன்னிங்ஸில் டேவிட் ஆர்ட்டிஸ் ஹோம் ரன் அடித்தார்; பாஸ்டன் அந்தத் தொடரையும் வென்று, 1918-க்குப் பின் முதல் தடவையாக உலகத் தொடரையும் வென்றது. அந்த அக்டோபர் முழுவதும் ராபர்ட்ஸ் ஒரு தடவைகூட மட்டை பிடிக்கவில்லை.

கால்களுக்கு இது சாட்சியென்றால், கைக்குச் சாட்சி 1955. அக்டோபர் 4-இல் யாங்கீஸுக்கு எதிரான உலகத் தொடரின் ஏழாவது ஆட்டத்தில், புரூக்ளின் டாட்ஜர்ஸ் 2-0 என்று முன்னணியிலிருக்க, ஆறாவது இன்னிங்ஸில் மானேஜர் வால்ட்டர் ஆல்ஸ்டன் ஜிம் கில்லியமை இடக்களத்திலிருந்து இரண்டாவது பேஸுக்கு மாற்றி, கியூபா தேசத்தவரான சாண்டி அமோரோஸை இடக்களத்தில் நிறுத்தினார். அதே இன்னிங்ஸில் இருவர் பேஸ்களில் நிற்க, யோகி பெர்ரா அடித்த பந்து இடக்கோட்டின் ஓரமாக மிதந்து சென்றது. அமோரோஸ் இடக்கை எறிவாளர், ஆகவே கையுறை வலக்கையில். வெகுதூரம் ஓடி வலக்கையை நீட்டிப் பந்தைப் பிடித்ததோடு, உடனே திருப்பியெறிந்து இன்னொருவரையும் அவுட்டாக்க வழிசெய்தார். கையுறையை இடக்கையில் மாட்டும் கில்லியம் அங்கே நின்றிருந்தால் அந்தப் பந்து எட்டியிருக்குமா என்று இன்றளவும் பேசிக்கொள்கிறார்கள். எட்டியிராதென்றே நமக்குத் தோன்றுகிறது. புரூக்ளினில் இருந்தவரையில் அந்தக் குழு வென்ற ஒரே உலகத் தொடர் அது.

இவையெல்லாம் பழங்கதைகள், தற்காலத்துக்குப் பொருந்துமா என்று கேட்பவர்கள் 2023-இல் வந்த விதிகளைக் கவனிக்க வேண்டும். ஒரு மட்டையாளர் நிற்கும்போது பிட்சர் இரண்டு தடவைக்கு மேல் ஓட்டக்காரரை மடக்கப் பார்த்து, மூன்றாவதில் அவுட்டாக்க முடியாமற்போனால், ஓட்டக்காரருக்கு அடுத்த பேஸ் இனாம். இந்த விதி அன்றிருந்தால் ரிவேராவின் மூன்றாவது எறியிலேயே ராபர்ட்ஸ் இரண்டாவது பேஸுக்கு நடந்தே போயிருப்பார். பேஸ்களும் 15 அங்குலச் சதுரத்திலிருந்து 18 ஆக விரிந்தன. 2022-இல் 2,486 ஆக இருந்த திருட்டுகள் மறு வருஷமே 3,503 ஆயின. வேகமான கால்களின் விலை ஏறியிருக்கிறது. ரசிகர்களின் வாதத்தில் அது ஏறியதாகக் காணோம்.

நிர்வாகத்தின் சங்கடம் வேறொன்றும் உண்டு. கீழ்நிலைக்கு அனுப்பும் உரிமை குழுவிடம் மீதமிருக்கிற ஆட்டக்காரரை அனுப்பிவிட்டு மறுபடி அழைத்துக்கொள்ளலாம். அந்த உரிமை தீர்ந்துபோனவரை அனுப்பவேண்டுமானால், மற்ற 29 குழுக்களில் எதுவும் அவரைக் கைப்பற்றிக்கொள்ள வழிவிட்டே அனுப்பவேண்டும். சமமான இருவரில் அந்த உரிமை தீர்ந்துபோனவர் இடம்பெறுவது இதனால்தான். இதைப் பாரபட்சமென்று ரசிகர்கள் ஏசுவது நியாயமன்று.

ஆகவே நம்முடைய அபிப்பிராயம் இதுதான்: முதல் இடம், நடுக்களத்தில் மானேஜர் கவலையின்றி நிறுத்தக்கூடியவருக்கு, அவர் சராசரி .230 ஆனாலும் சரியே. நடுக்களத்தைக் காப்பவர் இரு பக்கங்களையும் காப்பார், பக்கத்தில் நிற்பவரிடம் நடுக்களத்தை ஒப்படைக்க முடியாது. இரண்டாவது இடம், நிரந்தர ஆட்டக்காரர்களில் இடக்கை மட்டையாளர்கள் மிகுந்திருந்தால் இடக்கைப் பிட்சர்களை அடிக்கவல்ல வலக்கையாளருக்கு, இல்லையேல் ஓட்டக்காரருக்கு. மார்ச் மாதத்தில் .400 அடித்த இளைஞரோ, கீழ்நிலைக்குப் போய்த் தினமும் ஆடட்டும். மே மாதத்தில் எவருக்காவது தொடைத் தசை பிடித்துக்கொள்ளும்போது அவரை அழைத்துக்கொள்ளலாம்.