தேயிலைத் தொழிற்சாலையின் இரண்டாம் குடித்தனம்

மூடிய தேயிலைத் தொழிற்சாலைகளை ஹோட்டலாக்கலாம் என்று பேச்செடுத்தால் உடனே கந்தப்பளைதான் சாட்சிக்கு வருகிறது. அங்குள்ள ஹெதர்செட் தோட்டத் தொழிற்சாலை 1996இல் ஹோட்டலானது; கொழுந்து வாட்டிய மேல்மாடிகள் விருந்தினர் அறைகளாயின. 2001இல் யுனெஸ்கோவின் ஆசிய பசிபிக் மரபுரிமை விருதுப் பட்டியலிலும் அது இடம்பிடித்தது. நேர்த்தியான வேலைதான். இல்லாவிட்டால் தகரமும் இரும்பும் பழைய சாமான்காரரிடம் போயிருக்கும். ஆனால் எல்லவுக்கு வரும் வெள்ளைக்காரக் கூட்டத்தைக் காட்டி, ஊவாவிலும் இதையே செய்யச் சொல்பவர்கள், பதுளை மாவட்டத்தில் தொழிற்சாலைக் கட்டடத்துக்கு வாய்த்த இன்னொரு பயனைப் பேசுவதே இல்லை. 2014 அக்டோபர் 29 காலையில் கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண்சரிவு, தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களை மூடியது. உயிர் தப்பிய பல குடும்பங்கள் மூடிக்கிடந்த தேயிலைத் தொழிற்சாலையொன்றில், தடுப்பு வைத்துப் பிரித்த இடுக்குகளில், ஏறத்தாழ இரண்டு ஆண்டுகள் குடியிருந்தன. அங்கும் கொழுந்து போன இடத்தில்தான் ஆட்கள் படுத்தார்கள். இதற்கு எந்த விருதும் இல்லை.

தொழிற்சாலையை எடுக்கும் ஹோட்டல்காரர் லயத்துக்கு எப்படிப் பொறுப்பாவார் என்று கேட்கலாம். தனியார் காணியென்றால் அந்தக் கேள்வி நிற்கும். ஆனால் ஊவாவின் பெருந்தோட்டங்கள் 1972, 1975 காணிச் சீர்திருத்தத்தோடு அரசுடைமையாயின; சோஷலிசம் என்றே அன்று சொன்னார்கள், அதே ஆண்டுகளில்தான் தோட்டங்களில் பட்டினியும் கிடந்தது. 1992இல் நிர்வாகம் கம்பெனிகளுக்குப் போனது, காணி அரசிடமே இருக்கிறது. துரை, அரசாங்கம், கம்பெனி என்று முதலாளி மாறினாலும் லயத்துக்காரருக்குத் தொழிற்சாலை கொழுந்து நிறுத்துக் கொடுக்கும் இடம் மட்டுந்தான். மீரியபெத்தை மக்களை வெளியேறும்படி 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தார்கள். சொந்தமாக ஒரு துண்டுக் காணி இல்லாதவர் எங்கே போவார்?

மறுபயன்பாட்டை அளப்பவர்கள் சுவரையும் இயந்திரத்தையும் பார்க்கிறார்கள், உரித்தைப் பார்ப்பதில்லை என்பதே என் நெடுநாள் குறை. அருங்காட்சியகமாக்கினாலும் கதை அதேதான்: ஹந்தானைத் தேயிலை அருங்காட்சியகத்தில் உருளை இயந்திரங்களும் தேயிலைப் பயிர்ச்செய்கையைத் தொடங்கிய ஜேம்ஸ் டெய்லரும்தான் முன்னுக்கு நிற்கிறார்கள். மாறாக, கம்பளைக்கருகே ஓல்ட் பீகொக் தோட்டத்தில் தொழிலாளர் அருங்காட்சியகம் லயத்துக்குள்ளேயே அமைந்தது. எதைக் காப்பது என்பதை அங்கே வேறு ஆட்கள் தீர்மானித்தார்கள். அரசு தன் காணியில் உள்ள தொழிற்சாலையை இன்னொருவருக்கு எழுதிக் கொடுக்குமுன், அந்தத் தோட்டத்து லயங்களுக்கு வீட்டுக் காணியும் உறுதியும் கொடுத்தாயிற்றா என்று கேட்பதில் என்ன தடை? முதலீடு ஓடிவிடும் என்பார்கள். 1992க்குப் பிறகு நிபந்தனை தளர்ந்தே இருந்தது. லயங்கள் அப்படியேதான் இருக்கின்றன.