கதைக்குக் கீழே ஒரு நீதி

தமிழ்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் தெரிந்த கதை என்று ஒன்றைச் சொல்ல வேண்டுமானால் பாட்டி வடை சுட்ட கதையைத்தான் சொல்ல வேண்டும். ஈசாப்பின் கதையில் பாட்டி கிடையாது. காகத்தின் வாயில் பாலாடைக்கட்டியோ இறைச்சித் துண்டோ இருக்கும். அது யாருடையது என்பதைப் பற்றிக் கதைக்குக் கவலையில்லை. தமிழில் அது வடையானது. வடை என்றால் ஒருவர் சுட்டாக வேண்டும். அதனால் அடுப்பும் எண்ணெய்ச் சட்டியுமாக ஒரு கிழவி வந்து உட்கார்ந்தாள். உழைத்துப் பிழைக்கும் பெண் ஒருத்தியைக் கதைக்குள் கொண்டுவந்தது நாம் செய்த காரியம். ஆனால் காகம் வடையைத் தூக்கியதுமே அவளை மறந்துவிடுகிறோம். அதற்குப் பிறகு நடப்பதெல்லாம் இரண்டு திருடர்களின் சாமர்த்தியப் போட்டி. "இந்தக் கதையின் நீதி என்ன?" என்று கேட்டால், "புகழ்ச்சிக்கு மயங்கக் கூடாது" என்று வகுப்பே ஒரே குரலில் சொல்லும். வடையைக் காலிடுக்கில் வைத்துக்கொண்டு பாடும் புத்திசாலிக் காகத்தின் கதை பிறகு வந்தது. அதிலும் வடை சுட்டவளுக்கு நட்டம்தான்.

கல்வராயன் மலையில், கரியாலூரைச் சுற்றியுள்ள ஊர்களுக்குப் பிள்ளைகளோடு கதை சொல்லவும் எழுதவும் போய்வரும் தன்னார்வலர்களில் நானும் ஒருத்தி. இங்கே நான் விமர்சிப்பது எங்கள் வேலையில் உள்ள ஒரே ஒரு வழக்கத்தை: பிள்ளை எழுதிய கதைக்குக் கீழே நீதி எழுதச் சொல்வது. பார்க்கச் சின்ன விஷயம். ஆனால் பெண்பிள்ளைகளின் கதைகளை இந்த வழக்கம் அடைக்கிற அளவுக்கு வேறெதுவும் அடைப்பதில்லை என்று நினைக்கிறேன்.

இந்த வேலையை யார் செய்கிறோம் என்பதை முதலில் பார்க்கலாம். கொரோனாவால் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, 2021 அக்டோபர் 27 அன்று விழுப்புரம் மாவட்டம் முதலியார்குப்பத்தில் இல்லம் தேடிக் கல்வித் திட்டம் தொடங்கப்பட்டது. மாலை நேரத்தில் பிள்ளைகளை உட்கார வைத்துப் பாட்டும் கதையும் எழுத்தும் சொல்லித் தந்தவர்களில் பெரும்பாலோர் பெண்கள். மாத ஊக்கத்தொகை 1000 ரூபாய். படித்துவிட்டு வீட்டில் இருந்த பெண்கள் பலருக்கு வெளியே வர அது ஒரு வாசலாக இருந்தது. அதை நான் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் கதை சொல்வது பெண்ணுக்கு இயல்பாகவே வருவது, பிள்ளை வளர்ப்பின் நீட்சி, அதற்குக் கூலி எதற்கு என்ற எண்ணமும் அந்தத் தொகைக்குள் இருக்கிறது. அதே எண்ணம்தான் எங்கள் கையில் நீதியையும் கொடுக்கிறது. நல்லொழுக்கம் சொல்லித் தரும் அக்காவாக இருக்கும்வரை ஊரில் யாரும் எங்களைக் கேள்வி கேட்பதில்லை.

இந்த மலையைப் பற்றி வெளியிலிருந்து வந்தவர்கள் எழுதிவைத்த கதைகளும் உண்டு. இங்கு வாழும் மலையாளிப் பழங்குடியினர் பேசுவது தமிழ்தான். அவர்கள் எங்கிருந்து வந்தார்கள் என்பதற்குப் பல வடிவங்களில் கதைகள் இருக்கின்றன. தென்னார்க்காடு மாவட்டத்துக்கு ஆங்கிலேய அதிகாரி எழுதிய விவரச்சுவடியில் பதிவான ஒரு வடிவத்தை எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தம் நூல்வரிசையில் எடுத்துச் சேர்த்தார். அதன்படி, மலையேறி வந்தவர்கள் அங்கிருந்த வேடர்களைக் கொன்று அவர்களுடைய பெண்களை மணந்துகொண்டார்கள். திருமணத்தில் வானை நோக்கிச் சுடும் வழக்கம் செத்துப்போன வேடக் கணவனைக் குறிக்கிறது. இது நடந்ததா என்பது வேறு விவாதம். அந்தப் பதிவில், கணவனைப் பறிகொடுத்து, கொன்றவனோடு குடும்பம் நடத்திய பெண்ணுக்கு ஒரு சொல்கூட இல்லை. மலையின் பாட்டிகள் இதே கதையை எப்படிச் சொன்னார்கள் என்று கேட்டு எழுதியிருந்தால் நமக்கு வேறொரு கதை கிடைத்திருக்கலாம்.

2024 ஜூனில் கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரத்தில் விஷச் சாராயம் குடித்து அறுபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அதன்பின் நாளிதழ்களில் கல்வராயன் மலை "சாராய மலை" ஆனது. மலை மக்களின் வாழ்நிலை பற்றிச் சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கு எடுத்தபோதுதான் சாலை, மருத்துவமனை, பள்ளி என்ற சொற்களும் செய்திகளில் வந்தன. மலையில் படிக்கும் பிள்ளைக்குத் தன் ஊர் வெளியே எப்படிப் பேசப்படுகிறது என்று நன்றாகவே தெரியும். அவள் பேனாவை எடுக்கும்போது அந்தக் கதையும் பக்கத்தில் வந்து உட்கார்ந்துகொள்கிறது.

"என் வீட்டில் ஒரு நாள்" என்று எழுதச் சொன்னபோது ஒரு பெண்பிள்ளை அரைப் பக்கம் எழுதினாள். அரிசி வாங்க வைத்திருந்த பணத்தை அம்மா கடுக்காய் மூட்டைக்குள் ஒளித்து வைக்கிறாள். அப்பா கண்டுபிடித்து எடுத்துக்கொண்டு போய்விடுகிறார். அடுத்த முறை அம்மா பணத்தை மகளின் புத்தகப் பைக்குள் வைக்கிறாள். "நோட்டு லேசுதான், ஆனா அன்னிக்குப் பை கனமா இருந்துச்சு" என்று கதை முடிகிறது. என்னோடு வந்திருந்தவர் வழக்கம்போல, "நல்லா இருக்கு, நீதி எழுதும்மா" என்றார். அவள் ஒரு நொடிகூட யோசிக்காமல் எழுதினாள்: குடி குடியைக் கெடுக்கும்.

அந்த வரி சுவரொட்டியில் இருக்கிறது, முன்பு பாட்டிலின் மேலேயே அச்சாகியிருந்தது. அதைச் சேர்த்ததும் கதையின் நாயகன் அப்பாவாகிவிட்டார். எழுதப்பட்ட கதையில் அவர் ஒரே வாக்கியத்தில் வந்துபோகிறவர். ஒரு தாய் தன் மகளை நம்பிக் கூட்டுச் சேர்த்துக்கொண்டதும், அந்த நம்பிக்கை ஒரு சிறுமியின் தோளில் கனத்ததும்தான் கதை. அம்மாவின் மேல் அன்பும், இதை ஏன் என் பையில் வைத்தாய் என்ற கோபமும் அந்தக் கனத்தில் சேர்ந்தே இருக்கின்றன. வடை சுட்ட பாட்டியைப் போல இந்த அம்மாவும் மகளும் நீதி வந்த இடத்தில் காணாமல் போனார்கள்.

ஏ. கே. ராமானுஜன் பெண்கள் சொல்லும் வாய்மொழிக் கதைகளைப் பற்றி எழுதும்போது ஒரு வேறுபாட்டைக் காட்டுகிறார். ராஜகுமாரன் கதைகள் கல்யாணத்தில் முடியும். பெண்களை மையமாக வைத்து பெண்கள் சொல்லும் கதைகளில் கல்யாணத்துக்குப் பிறகுதான் சிக்கலே ஆரம்பிக்கிறது. தனக்கு நடந்ததைப் பெண் தன் வாயால் சொல்லி, அதைப் பிறர் கேட்கிற இடத்தில்தான் பல கதைகளில் முடிச்சு அவிழ்கிறது. குழந்தைத் திருமணம் இன்னும் முற்றாக நிற்காத ஒரு மலையில், "அப்புறம் கல்யாணம் ஆகி சந்தோஷமா இருந்தாங்க" என்று கதையை முடித்துவைப்பது எவ்வளவு பெரிய பொய் என்று பிள்ளைகளுக்கே தெரியும். நியூசிலாந்தில் மாவோரிக் குழந்தைகளுக்குக் கற்பித்த சில்வியா ஆஷ்டன் வார்னர், 1963இல் வெளியான தம் நூலில் இதற்கு இணையான ஓர் அனுபவத்தை விவரிக்கிறார். வெளியிலிருந்து வந்த பாடநூல் சொற்கள் பிள்ளைகளின் மனதில் நிற்கவில்லை. பயத்திலிருந்தும் பாசத்திலிருந்தும் அவர்களே கேட்டு வாங்கிய சொற்களை ஒருமுறை பார்த்ததுமே படித்துவிட்டார்கள்.

நீதி இல்லாவிட்டால் பிள்ளைகள் கெட்டுப்போவார்களே என்று கேட்பவர்கள் உண்டு. பைக்குள் பணத்தைச் சுமந்த பிள்ளைக்கு நல்லது கெட்டது தெரியாது என்று நான் நம்பவில்லை. இதைவிடக் கனமான கேள்வி ஒன்று இருக்கிறது. பிள்ளை தன் கதையில் அடியையோ அத்துமீறலையோ எழுதிவிட்டால் என்ன செய்வது? அதை நல்ல படைப்பு என்று பாராட்டிவிட்டு நாம் பேருந்து ஏற முடியாது. அவளிடம் தனியாகப் பேச வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098 எதற்கு இருக்கிறது என்று தெரிந்து வைத்திருக்க வேண்டும். ஆண்டு விழா மேடையில் அந்தக் கதையை வாசிக்கலாமா கூடாதா என்பதை எழுதியவள்தான் சொல்ல வேண்டும். சின்ன ஊரில் அப்பா யார், அம்மா யார் என்று எல்லோருக்கும் தெரியும். நீதி எழுத வைப்பது இந்தப் பொறுப்புகளிலிருந்து நம்மை விடுவிக்கும் சுலபமான வழியாகவும் இருக்கிறது. கீழே ஒரு வரி விழுந்துவிட்டால் விஷயம் முடிந்துவிட்டது என்று நோட்டை மூடிவிடலாம்.

நீதிக்குப் பதிலாக எதைக் கேட்கலாம்? நம் வீடுகளில் கதை கேட்பவருக்கு ஒரு வேலை இருந்தது: உம் கொட்டுவது. உம் கொட்ட ஆள் இல்லாவிட்டால் பாட்டி கதையை நிறுத்திவிடுவாள். "உம், அப்புறம்?" என்று கேட்டால் பிள்ளை அடுத்த பக்கம் எழுதுகிறாள். "இந்தக் கதையில யாரு பேசவே இல்ல?" என்பது நான் இப்போது எல்லாக் கதைக்கும் கேட்கும் கேள்வி. வடைக் கதைக்கு அதைக் கேட்டபோது, பாட்டி கடனுக்கு உளுந்து வாங்கியிருந்தாள் என்று ஒரு பிள்ளை ஆரம்பித்தாள். மற்றவர்கள் கடைக்காரனையும் வட்டியையும் கொண்டுவந்து சேர்த்தார்கள். நரி கடைசிவரை வரவே இல்லை.

மலைப் பிள்ளைகளில் பலர் பழங்குடியினர் நல உண்டு உறைவிடப் பள்ளிகளில் தங்கிப் படிக்கிறார்கள். விடுதியில் சோறும் பாடமும் கிடைக்கின்றன. பாட்டியோடு படுக்கும் இரவு கிடைப்பதில்லை. அந்த இரவை எங்களைப் போன்றவர்கள் மாதம் ஒருமுறை போய் நிரப்ப முடியாது. மாலை நேரத்தில் அந்த ஊர்ப் பாட்டிகளையே விடுதிக்கு அழைத்துக் கதை சொல்லவைக்கலாம். அவர்களைச் சேவை செய்ய வந்தவர்களாக நடத்தாமல், சிறப்பு விருந்தினருக்கு எழுதுவதுபோல வருகைப் பதிவேட்டில் பெயர் எழுதி, போய்வரும் செலவோடு மதிப்பூதியமும் தர வேண்டும். சாமை அறுப்பு நாளில் வரச் சொன்னால் அன்றைய கூலிக்குக் குறையாமல் தர வேண்டும்.