சுரண்டல் என்ற சொல்லும் சொறிக்கல்முனை வயலும்

சில வருடங்களுக்கு முன்னர் முதுமாணிப் பட்டத்துக்காக நெற்காணிக் குத்தகை பற்றி ஓர் ஆய்வு செய்தேன். வினாக்கொத்தின் 17ஆவது கேள்வி இது: "நீங்கள் சுரண்டப்படுவதாக உணர்கிறீர்களா? ஆம் / இல்லை." அந்தத் தாளோடு நான் போன இடங்களில் ஒன்று சொறிக்கல்முனை. சுற்றிவர வயல், நடுவில் திருச்சிலுவைக் கோயில், தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள். எங்கள் குடும்பத்தின் 3 ஏக்கரும் அந்தப் பக்கத்து வட்டையில்தான் கிடக்கிறது. அதைச் செய்பவர் வாப்பாவின் காலத்திலிருந்து ஒருவரேதான். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னைத் தம்பி என்பார்.

காணிச் சொந்தக்காரனே தன் வயல்காரரிடம் போய் இந்தக் கேள்வியைக் கேட்கலாமா என்று அப்போது எனக்குத் தோன்றவில்லை. கேட்டேன். அவர் சிரித்துவிட்டுச் சொன்னார்: "சுரண்டுறதுக்கு என்ன தம்பி கிடக்கு? நீங்க பானையோடதானே கொண்டு போறீங்க?"

பகிடி என்று எடுத்துக்கொண்டு நானும் சிரித்தேன். 'இல்லை' என்ற கட்டத்தில் சரி போட்டேன்.

அந்தச் சரி இன்றைக்கும் ஒரு நூலகத் தட்டில், ஓர் அட்டவணையின் சதவீதத்துக்குள் கிடக்கிறது. அண்மைக் காலமாக நம்மவரின் ஆய்வுக் கட்டுரைகளை வாசிக்கும்போதெல்லாம் அதுதான் ஞாபகம் வருகிறது. பொருளியல், கடல்வளம், கணினி, சட்டம், இலக்கியத் திறனாய்வு எல்லாவற்றிலும் 'சுரண்டல்' வருகிறது. ஆனால் ஒரு கட்டுரையின் சுரண்டல் அடுத்த கட்டுரையின் சுரண்டல் அல்ல. ஆங்கிலத்தில் எக்ஸ்ப்ளொய்டேஷன் என்று எங்கே கண்டாலும் நாம் இந்த ஒரே சொல்லைத் தூக்கி வைத்துவிடுகிறோம். இதனால் என்ன கெட்டுப்போகிறது என்பதுதான் இக்கட்டுரையின் விடயம்.

முதலில் துறைகளைப் பார்ப்போம். 1867இல் வெளிவந்த மூலதனத்தின் முதற் பாகத்தில் மார்க்ஸ் சுரண்டலுக்கு ஒரு வீதமே கணக்கிட்டார். தொழிலாளி உண்டாக்கும் உபரி மதிப்பை அவருடைய கூலியால் வகுத்தால் அந்த வீதம் வரும். அங்கே முதலாளி நல்லவரா கெட்டவரா என்ற கேள்வியே எழுவதில்லை. கூலியைச் சந்தை விலைப்படி ஒழுங்காகக் கொடுத்தாலும் சுரண்டல் சுரண்டல்தான். 1933இல் ஜோன் ரொபின்சன் எழுதிய நூலில் அதே சொல்லுக்கு வேறு கணக்கு. தொழிலாளியின் உழைப்பு கடைசியாகக் கூட்டித் தரும் விளைவின் மதிப்பைவிடக் குறைவாகக் கூலி கொடுத்தால் மாத்திரமே அது சுரண்டல். வாங்குபவர் ஒருவராக இருக்கும் சந்தையில் அது எப்படி நடக்கிறது என்பதையும் அவர் விளக்கினார். அறுவடை முடிந்த கையோடு, வேறு போக்கிடம் இல்லாமல், ஒரே ஆலைக்காரரிடம் நெல்லை ஏற்றி விட்டவர்களுக்கு இந்த விளக்கம் புதிதாக இராது.

கடலுக்குப் போனால் சொல்லின் முகமே மாறிவிடுகிறது. 1982ஆம் ஆண்டின் ஐ.நா. கடற்சட்டச் சமவாயம், கரையோர நாட்டுக்குத் தன் பொருளாதார வலயத்தின் வளங்களை ஆராயவும் 'எக்ஸ்ப்ளொய்ட்' செய்யவும் இறைமையுள்ள உரிமை உண்டு என்கிறது. இங்கே அதன் பொருள் பயன்படுத்துதல். குற்றம் ஒன்றுமில்லை. மீன்வள அறிக்கைகளிலும் ஒரு காலத்தில் மீன் இருப்புகளை இப்படித்தான் 'முழுதாக எக்ஸ்ப்ளொய்ட் செய்யப்பட்டவை' என்று வகைப்படுத்தினார்கள். ஐ.நா. உணவு விவசாய நிறுவனம் பின்னர் அந்தச் சொல்லைக் கைவிட்டுப் 'பிடிக்கப்பட்டவை' என்ற பொருள்படும் சொற்களுக்கு மாறியது. நம்முடைய மொழிபெயர்ப்பில் மட்டும் 'முழுமையாகச் சுரண்டப்பட்ட மீன்வளம்' தொடர்கிறது. வாசிப்பவர் கல்முனைக் கரைவலைக்காரரைக் குற்றவாளியாகவே நினைப்பார்.

முகாமைத்துவத் துறையில் ஜேம்ஸ் மார்ச் 1991இல் எழுதிய கட்டுரை புகழ்பெற்றது. ஒரு நிறுவனம் புதியதைத் தேடுவதா, தெரிந்ததைக் கொண்டு பயனெடுப்பதா என்பது அவரது கேள்வி. இரண்டாவதற்கு அவர் இட்ட பெயரும் இதே எக்ஸ்ப்ளொய்டேஷன்தான். கணினிக்கு தானாகக் கற்றுக் கொடுக்கும் துறையிலும் இதே சோடிச் சொற்கள் உண்டு. வழமையான கடையிலேயே சோறு வாங்குவதா, புதுக்கடை ஒன்றைப் பார்ப்பதா என்ற சங்கடம்தான் அது. இதைத் 'தேடலும் சுரண்டலும்' என்று எழுதினால் கடைக்காரரை நாம் என்ன செய்துவிட்டோம் என்று வாசகர் திகைப்பார். கணினிப் பாதுகாப்பிலோ எக்ஸ்ப்ளொய்ட் என்பது மென்பொருளின் ஓட்டைக்குள்ளால் நுழையும் ஆயுதம். 2000ஆம் ஆண்டின் பலெர்மோ நெறிமுறையில் அது ஆட்கடத்தலின் நோக்கம்: பாலியல் தொழில், கட்டாய உழைப்பு, அடிமைத்தனம், உறுப்பு அகற்றல். நம் ஊர்களிலிருந்து மத்திய கிழக்குக்குப் போன பெண்கள் சிலருக்கு நேர்ந்ததைச் சொல்ல இந்தக் கடுமையான பொருள் நமக்குத் தேவைப்படுகிறது. அதே சொல்லைச் சோற்றுக்கடைக்கும் செலவழித்துவிட்டால் அவர்களுக்கு மிஞ்சுவது என்ன?

சொற்களின் பிறப்பையும் பார்க்க வேண்டும். பிரெஞ்சில் இன்றும் 'எக்ஸ்ப்ளுவத்தாசியோன் அக்ரிகோல்' என்றால் வெறுமனே ஒரு விவசாயப் பண்ணை. மார்க்ஸின் ஜேர்மன் சொல்லான 'அவுஸ்பொய்ட்டுங்', சுரங்கத்திலிருந்து கிடைக்கும் விளைவைக் குறிக்கும் சொல்லோடு உறவுடையது. அரபில் சுரண்டலுக்கு 'இஸ்திஃக்லால்' என்பார்கள். அதன் அடி 'ஃகல்லா', அதாவது நிலத்தின் விளைச்சல், வருமானம். இஸ்திஃக்லால் என்பது முதலில் விளைச்சலை எடுத்தல், பிறகுதான் அநியாயமாக எடுத்தல். போர்ப்பொருளில் கையாடுவதைக் குறிக்கும் 'ஃகுலூல்' என்ற சொல்லுக்கும் அதே மூன்று மூலஎழுத்துகளே.

ஆக அந்த மொழிகளில் சொல் விளைச்சலில் தொடங்குகிறது. விளைந்தது யாருக்கு, எவ்வளவு என்ற கேள்வி பிறகு வருகிறது. தமிழ்ச் சொல் வேறு இடத்தில் பிறந்தது. சுரண்டுவது என்றால் அடிச்சட்டியைக் கரண்டியால் வழிப்பது, ரீலோட் கார்டை நகத்தால் தேய்ப்பது. ஒன்றும் மிச்சமில்லாத இடத்தில் இன்னும் கொஞ்சம் எடுப்பதுதான் சுரண்டல். பிறக்கும்போதே அது குற்றச்சாட்டு. இடதுசாரி இயக்கம் அதைக் கூர்மையாக்கித் தந்தது. முற்போக்கு இலக்கியம் அதை நம் கிழக்குக்கும் கொண்டுவந்தது. நுஃமானின் 'நிலம் என்னும் நல்லாள்', நீலாவணனின் 'வேளாண்மை' போன்ற ஆக்கங்கள் வயலையும் வயலில் நிற்கும் மனிதரையும் கவிதைக்குள் எடுத்துவந்த மண் இது. அந்தக் கூர்மையை நான் குறை சொல்லவில்லை.

ஆனால் இரண்டு நட்டம் உண்டு. ஒன்று, மேலே சொன்னது: சாதாரணப் பயன்பாடும் குற்றமாகிவிடுகிறது. அதற்கு மருந்து எளிது. பயன்கொள்ளல், மிகைப்பிடிப்பு, தெரிந்ததைக் கைக்கொள்ளல் என்று துறைக்கேற்ற சொற்களை வைத்துக்கொள்ளலாம். இரண்டாவதுதான் பெரிய நட்டம். அடிச்சட்டி வழிக்கப்படும் காட்சி நம் மனதில் ஊறிவிட்டதால், நிறைகுடமாக நடப்பது கண்ணுக்குப் படுவதில்லை. இரு தரப்பும் சம்மதித்து, இரு தரப்பும் பயனடைந்தும்கூட ஓர் ஒப்பந்தம் சுரண்டலாக இருக்கலாம் என்று அலன் வேர்த்ஹைமர் 1996இல் ஒரு நூல் முழுக்க வாதித்தார். அண்ணன் அதை ஒரே வாக்கியத்தில் சொல்லியிருக்கிறார். பானையோடு போனால் சுரண்டும் சத்தம் கேட்காது.

இங்கே நம் எழுத்தின் மேல் எனக்குள்ள முறைப்பாட்டைச் சொல்லியாக வேண்டும். முஸ்லிம் சமூகத்தைப் பற்றி நாம் எழுதும் கட்டுரைகளில் சுரண்டல் என்ற சொல் வரும் இடங்களை எண்ணிப் பாருங்கள். அநேகமாக நாம் சுரண்டப்பட்டவர்கள், செய்தவர் வேறொருவர். காணி இழப்பும் நுரைச்சோலை வீட்டுத்திட்டம் போன்ற ஏமாற்றங்களும் உண்மை. அவற்றை எழுதத்தான் வேண்டும். ஆனால் போடியார் முறை இந்தக் கரையோரத்தில் தமிழரிடமும் இருந்தது, நம்மிடமும் இருந்தது. அக்கரைப்பற்றை மையமாக வைத்துப் பல்லாண்டு ஆய்வு செய்த டெனிஸ் மக்கில்வ்ரே 2008இல் வெளியிட்ட நூலில் இதை விரிவாகக் காணலாம். நம் கட்டுரைகளில் போடியார் பெருமையாக வருவார், வயல்காரர் பின்னணியில் நிற்பார். சுரண்டல் என்ற சொல் அந்தப் பந்திக்குள் நுழைவதே இல்லை.

சரி, அந்த வயலில் நடப்பதை எந்தச் சொல்லால் அளப்பது? ஃபிக்ஹின் பழைய விவாதம் எனக்கு வழிகாட்டியது. விளைச்சலில் பங்குக்கு நிலம் கொடுக்கும் முஸாரஆவை இமாம் அபூஹனீஃபா ஏற்கவில்லை. அவருடைய மாணவர்களான அபூயூஸுஃபும் முஹம்மத் ஷைபானியும் அனுமதித்தார்கள். ராஃபிஃ இப்னு கதீஜ் (ரழி) அறிவிக்கும் ஹதீஸில், வாய்க்கால் ஓரத்தில் விளைவது நிலக்காரருக்கு என்று பேசிக்கொள்வதும், ஒரு பக்கம் அழிந்து மறுபக்கம் தப்புவதும், அதனால் அது தடுக்கப்பட்டதும் வருகிறது. ஃபத்வா சொல்ல நான் ஆலிம் அல்ல. நான் கவனித்தது கேள்வியை. அவர்கள் 'நீ என்ன உணர்கிறாய்' என்று கேட்கவில்லை. 'பயிர் அழிந்தால் நட்டம் யாருக்கு' என்று கேட்டார்கள். 1958ஆம் ஆண்டின் நெற்காணிச் சட்டமும் தன் வழியில் அளவைத்தான் பேசியது. குத்தகைக்கு ஓர் உச்ச வரம்பு வைத்தது, வயல்காரரை நினைத்தபடி எழுப்ப முடியாதென்றது. அது நம் வட்டைகளில் எவ்வளவு தூரம் நடந்தது என்பதை வயல்காரரிடம்தான் கேட்க வேண்டும்.

ஆய்வாளனுக்கும் ஒரு கணக்கு இருக்கிறது. 2004 சுனாமியில் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் 10,000க்கும் மேற்பட்டோர் மௌத்தானார்கள். அதற்குப் பிறகு வினாக்கொத்துகளோடு வந்த கூட்டத்தை மருதமுனையும் சாய்ந்தமருதும் மறந்திராது. மக்களின் துயரம் தரவாக வெளியே போகும் இந்த ஆபத்தைப் பற்றி அத்துல சுமதிபாலவும் சிசிர சிறிபத்தனவும் 2005இலேயே 'லான்செற்' மருத்துவ இதழில் எச்சரித்தார்கள். அவர்கள் வெளியிலிருந்து வந்தவர்கள் என்று நாம் தப்பிக்க முடியாது. அண்ணனின் பதிலை எடுத்து, கருத்தைக் கழித்து, ஒரு சரியாக்கிப் பட்டம் வாங்கியவன் நான். நெல்லும் போனது, பேச்சும் போனது.

கடந்த வருடம் மீண்டும் சொறிக்கல்முனைக்குப் போனேன். வினாக்கொத்து இல்லை. எங்கள் குத்தகை ஏக்கருக்கு இத்தனை மூடை என்ற நிரந்தரக் கணக்கு. விளைந்தாலும் அதுதான், அழிந்தாலும் அதுதான். வரம்பில் இருந்துகொண்டு கேட்டேன்: "வெள்ளம் வந்த போகத்துல நாங்க மூடை குறைச்சமா அண்ணன்?"

அவர் கொஞ்சம் யோசித்தார். "2011 வெள்ளத்துல உங்கட வாப்பா குறைச்சவர். பாதிதான் எடுத்தவர்." பிறகு வாய்க்காலைப் பார்த்துக்கொண்டு சொன்னார்: "2024இல நீங்க கேக்கவும் இல்ல, நான் சொல்லவும் இல்ல."

2024 நவம்பர் வெள்ளத்தில் அந்த வட்டை மூழ்கியது எனக்குத் தெரியும். படங்களும் பார்த்தேன். வெள்ளப் பாதிப்பைப் பற்றி ஒரு சிறு கட்டுரையும் எழுதினேன். மூடை வழமைபோல வீட்டுக்கு வந்தது. அதை யார் எங்கிருந்து வாங்கித் தந்தார் என்று நான் கேட்கவில்லை.

இந்தப் போகத்திலிருந்து நிரந்தர மூடையை விட்டு, விளைச்சலில் கால் பங்கு என்று பேசியிருக்கிறோம். இதோடு சுரண்டல் ஒழிந்தது என்று எழுதமாட்டேன். நிலம் இன்னும் என்னுடையது, வெயில் இன்னும் அவருடையது. நட்டத்தில் எனக்கும் ஒரு பங்கு வந்திருக்கிறது, அவ்வளவுதான். ஆய்வு செய்யப்போகும் தம்பி தங்கையருக்கு ஒன்று சொல்வேன். சுரண்டல் என்று எழுத முன்னர் எந்தத் துறையின் சுரண்டல் என்று ஒரு வரி எழுதுங்கள். ஆம், இல்லை என்று கேட்காதீர்கள். அழிந்த வருடத்தைக் கேளுங்கள். பதில் பகிடியாக வந்தால் அதையும் அப்படியே எழுதி வையுங்கள்.