கன்மெட்டல் புஷ்

நெகிரி செம்பிலான் ரப்பர் தோட்டங்களில், உறைந்த பாலை ஷீட்டாக அழுத்தும் பழைய மெஷினின் உயிர் அதன் புஷ்ஷில் இருக்கிறது. ரோலரின் ஷாஃப்ட் சுழல்வது அந்த வளையத்துக்குள்தான். அது தேய்ந்தால் ரோலர் ஆடும். ஷீட் ஒரு பக்கம் தடித்து மறுபக்கம் மெலிந்து வரும். தடித்த பக்கம் புகைக்கூடத்தில் லேசில் காயாது. இத்தனை பழைய மெஷினுக்குப் புது புஷ் தேடி அலைவதைவிட லேத்தில் கடைந்துகொள்வதே வழி.

கடைசல்காரர் முதலில் ஷாஃப்டை நகத்தால் நெடுக வருடி, எங்கே பள்ளம் விழுந்திருக்கிறது என்று பார்க்கிறார். லேத் ஓடத் தொடங்குகிறது. எஃகு நீளச் சுருளாக வரும். புஷ்ஷுக்கான கன்மெட்டல் வெண்கலமோ பொன்னிற ரவையாய்ச் சிதறிக் கைரோமத்தில் ஒட்டிக்கொள்கிறது. சத்தம் சீராக இருக்கும்வரை கை நகராது. கீச்சென்றால் உடனே நிறுத்தி டூலைத் தீட்டுகிறார். கடைசி மயிரிழையை எடுக்க அவர் காட்டும் பொறுமையைப் பார்த்துக்கொண்டே இருக்கத் தோன்றும். பிறகு எண்ணெய்க்குக் காடி வெட்டி, ஷாஃப்டை நுழைக்கிறார். சுத்தியல் தொடாமல், உள்ளங்கை அழுத்தத்திலேயே அது மெல்ல இறங்க வேண்டும். அப்படி இறங்கினால்தான் அவர் முகம் தெளிகிறது.

தேய்ந்த புஷ் கையில் இருந்தால் பழைய இரும்புக்குப் போட்டுவிடாதீர்கள். அடுத்ததன் வெளிச்சுற்று அளவை அதிலிருந்துதான் எடுக்க வேண்டும்.