எத்தனை பூனைகள்? – டோரிஸ் லெஸ்ஸிங்கின் பூனை நூலை முன்வைத்து

எங்கள் வீட்டில் மூன்று பூனைகள் இருக்கின்றன. மூன்றுக்கும் ஆபரேஷன் ஆகிவிட்டது. போன வருடம் நானும் மனைவியும் உட்கார்ந்து பேசி, இதற்கு மேல் வேண்டாம் என்று முடிவு செய்தோம். இப்போது மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்கு அடியில், யாரும் அழைக்காத ஒரு பெட்டைப் பூனை நான்கு குட்டிகளைப் போட்டு வைத்திருக்கிறது. “பாவம், ரெண்டு நெத்திலி மட்டும் வெச்சுட்டு வந்துடறேன்” என்று ஏறிப்போன மனைவி முக்கால் மணி நேரம் கழித்துத்தான் இறங்கி வந்தாள். “நாலும் நாலு நிறம்” என்றாள். எங்கள் தீர்மானம் அவ்வளவுதான் என்று எனக்கு அப்போதே தெரிந்துவிட்டது.

கீழ் வீட்டில் இருக்கும் ஓனர் ஏற்கெனவே “மூணே அதிகம் சார்” என்று சொல்லியிருக்கிறார். மூன்றும் ஐந்தும் எட்டு. இந்தக் கணக்கு மனதில் ஓடிக்கொண்டிருந்த ஒரு ராத்திரியில்தான் டோரிஸ் லெஸ்ஸிங்கின் ‘பர்ட்டிகுலர்லி கேட்ஸ்’ நூலை அலமாரியிலிருந்து மறுபடி எடுத்தேன். 1967இல் வந்த சின்னப் புத்தகம். இருபது வருடங்களுக்கு முன் முதல்முறை வாசித்தபோது, பூனைப் பிரியர்களுக்காக ஒரு பெரிய எழுத்தாளர் ஓய்வு நேரத்தில் எழுதியது என்று நினைத்து மூடி வைத்தேன். அது என் வாசிப்பின் பிழை. ஒரு வீட்டில் எத்தனை உயிர்கள் இருக்கலாம், அந்த எண்ணிக்கையை யார் முடிவு செய்வது, முடிவு செய்தபின் அந்த வேலையை யார் செய்வது என்ற மூன்று கேள்விகளை இத்தனை கூச்சமில்லாமல் கேட்ட இன்னொரு புத்தகத்தை நான் வாசித்ததில்லை.

லெஸ்ஸிங் 1919இல் பாரசீகத்தில் பிறந்தவர். 1925இல் குடும்பம் தெற்கு ரொடீசியாவுக்கு, இன்றைய ஜிம்பாப்வேக்கு, குடிபெயர்ந்தது. அப்பா முதல் உலகப்போரில் ஒரு காலை இழந்தவர். அம்மா நர்ஸாக இருந்தவர். குன்றின் மேல் ஒரு வீடு, சுற்றிலும் புதர்க்காடு, சோளப் பண்ணை. அந்த வீட்டில் பூனைகளின் எண்ணிக்கையைச் சமநிலையில் வைத்திருந்தது அம்மா. பாம்பை அடிப்பது, நோயுற்ற கோழியை முடிப்பது, கூடுதலான பூனைக்குட்டிகளைத் தண்ணீரில் அமுக்குவது எல்லாம் அவர் பொறுப்பு. யாரும் அவரிடம் ஒப்படைத்ததில்லை. அவர் செய்தார், மற்றவர்கள் பார்க்காதிருந்தார்கள்.

ஒரு வருடம் அவர் அதை நிறுத்திவிட்டார். ஏன் என்று சொல்லவில்லை. அவ்வளவுதான், பூனைகள் பெருகின. பூனைக்குக் கர்ப்பம் ஒன்பது வாரம். பிறந்த குட்டி ஐந்தாறு மாதத்தில் தானே சினையாகிவிடும். தாய் பால் கொடுத்துக்கொண்டிருக்கும்போதே அடுத்ததைச் சுமக்கும். ஒரு வருடம் யாரும் கை வைக்கவில்லை என்றால் என்ன ஆகும் என்பதற்குப் பெரிய கணிதம் தேவையில்லை. வீட்டைச் சுற்றி ஏறக்குறைய நாற்பது பூனைகள். அதற்குப் பிறகு அம்மா சில நாட்கள் வெளியூர் கிளம்புகிறார். போகுமுன், எல்லாவற்றுக்கும் மூலத்தாயான தன் கிழட்டுப் பூனையைத் தடவிக்கொடுத்து அழுகிறார். தான் திரும்பி வருவதற்குள் என்ன நடக்கப்போகிறது என்று அவருக்குத் தெரியும்.

அப்பாவும் சிறுமி டோரிஸும் வீட்டில். முதலில் குளோரோஃபார்ம் முயற்சி. அது சீக்கிரம் முடிகிற காரியமாக இல்லை. பிறகு அப்பா போர்க்காலத்து ரிவால்வரை எடுக்கிறார். பூனைகளை ஓர் அறைக்குள் அடைத்து ஒவ்வொன்றாகச் சுடுகிறார். இடையில் வெளியே வந்து வாந்தி எடுக்கிறார், திட்டுகிறார், திரும்ப உள்ளே போகிறார். அம்மா ஊரிலிருந்து வந்து ஒன்றும் கேட்காமல் வீட்டைச் சுற்றி நடக்கிறார். கட்டிலில் அந்தக் கிழட்டுப் பூனை மட்டும் தூங்கிக்கொண்டிருக்கிறது. கை நடுக்கம் இன்னும் நிற்காத அப்பா, இனி ஒருபோதும் இப்படி நடக்கக்கூடாது என்கிறார்.

இந்தப் பக்கங்களை வாசித்தவர்களில் பலர் அந்தத் துப்பாக்கிச் சத்தத்தையே நினைவில் வைத்திருப்பார்கள். எனக்கு இந்த முறை நெஞ்சில் தைத்தது அம்மாவின் மௌனம். ஆண்டுக்கணக்கில் ஒருத்தி தனியாகச் செய்து வந்த அழுக்கு வேலை, அவள் கையை எடுத்த பிறகுதான் மற்றவர்கள் கண்ணுக்குத் தெரிகிறது. வருடம் முழுக்கப் பரப்பிச் சின்னச் சின்னதாக அவள் செய்த கொலைகளை, அப்பா ஒரே நாளில் மொத்தமாகச் செய்ய வேண்டியிருக்கிறது. லெஸ்ஸிங் இதை விளக்குவதில்லை. சம்பவத்தை அடுக்கி வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறார். விளக்கியிருந்தால் பெண்ணியப் பாடமாகச் சுருங்கியிருக்கும்.

எனக்கு மாயவரத்து அத்தை ஞாபகம் வந்துவிட்டார்.

அத்தை வீட்டில் எப்போதும் ஒரு பூனை இருக்கும். வருடத்துக்கு இரண்டு முறை பரணில் குட்டி போடும். மாமா, தாத்தா, பிள்ளைகள் நாங்கள் எல்லோரும் குட்டிகளோடு விளையாடுவோம். பூனை குட்டியை ஏழு வீடு மாற்றும் என்பார்கள். அது இரண்டாவது இடம் மாற்றுவதற்குள் அத்தை ஒரு கோணிப்பையை எடுத்துவிடுவார். கண் திறந்து கொஞ்சம் நடக்க ஆரம்பித்த குட்டிகள் பைக்குள் போகும். காவிரிப் பாலத்தைத் தாண்டி, மீன் கடைகள் பக்கம் விட்டுவிட்டு வருவார். “ஆத்தத் தாண்டிட்டா திரும்பி வராது” என்பார். எட்டு வயதில் ஒருமுறை இரண்டு நாள் நான் அவரோடு பேசவில்லை. “அவளுக்குக் கல் நெஞ்சு” என்று தாத்தாவே சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே தாத்தா, குட்டி அவர் வேட்டியில் மூத்திரம் போனால் “இதுங்கள ஏதாவது பண்ணுடி” என்று கத்துவார்.

அத்தை ஒரு குட்டியை மட்டும் எப்போதும் விட்டுவைப்பார். ஏன் என்று கேட்டபோது, “எல்லாத்தையும் எடுத்துட்டா தாய்க்குப் பால் கட்டிக்கும்டா, வலி தாங்காது” என்றார். அந்த வீட்டில் அந்தப் பூனையின் உடம்பைப் பற்றி யோசித்த ஒரே ஆள் அவர்தான் என்பது எனக்கு நாற்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. இடுப்பெலும்பு முறிந்து அத்தை படுக்கையில் கிடந்த வருடம், வீட்டில் பூனைகள் பதினொன்று ஆயின. யாரும் எதுவும் முடிவு செய்யவில்லை. ஒரு கோடையில் வாந்தியும் பேதியுமாக ஏதோ ஒரு நோய் வந்து பத்து நாளில் எட்டைக் கொண்டுபோனது. கணக்கை நாம் போடாவிட்டால் வேறு ஏதோ ஒன்று போட்டுவிடும் போலிருக்கிறது.

லெஸ்ஸிங்கின் நூலுக்குத் திரும்புகிறேன். பிந்தைய பகுதி லண்டனில் நடக்கிறது. முதலில் ஒரு சாம்பல் பூனை. அழகி, தன் அழகு தனக்குத் தெரிந்தவள். பிறகு வீடில்லாமல் வந்து சேரும் கறுப்புப் பூனை. ‘இரண்டாவது பூனை’ என்பதன் பொருளை இவ்வளவு துல்லியமாக எழுதியவர் குறைவு. ஒன்றோடு ஒன்றைக் கூட்டினால் இரண்டு என்பது பாத்திரத்தில் வைக்கும் மீனுக்குத்தான் பொருந்தும். யார் எங்கே படுப்பது, யார் முதலில் சாப்பிடுவது, யார் பார்க்கும்போது யாரைத் தடவலாம் என்று வீடு முழுவதும் புதிதாக எல்லைக்கோடுகள் விழுகின்றன. எங்கள் வீட்டில் இரண்டாவது வந்தபோது முதல் பூனை மூன்று வாரம் பீரோவுக்கு மேலேயே வாழ்ந்தது. மூன்றாவது வந்தபோது அந்த இரண்டும் கூட்டணி வைத்துக்கொண்டன. மணல் தட்டுகளை நான்காக்கிய பிறகுதான் அமைதி திரும்பியது. இத்தனை பூனை என்றால் இத்தனை உறவுகள், அதற்குத் தக்க இடம் வேண்டும் என்பதை லெஸ்ஸிங் சித்தாந்தமாகச் சொல்லாமல், இரண்டு பூனைகளின் நடையிலும் முறைப்பிலும் காட்டிவிடுகிறார். கறுப்புப் பூனை நோயில் விழுந்து, சாவதென்றே தீர்மானித்ததுபோல ஒதுங்கிக் கிடக்கும்போது, அவர் விடாப்பிடியாக அதை உயிரோடு இழுத்து வைக்கும் பக்கங்கள் நூலின் உச்சம். நாற்பதைக் கொன்ற வீட்டில் வளர்ந்தவர் ஒன்றைக் காப்பாற்ற இரவும் பகலும் உட்கார்ந்திருக்கிறார். நாற்பதில் ஒன்றாக இருந்திருந்தால் அந்தப் பூனைக்கு அந்த இரவுகள் கிடைத்திருக்காது.

இந்த நூலோடு எனக்கு இரண்டு சண்டைகள் உண்டு.

முதலாவது, சாம்பல் பூனைக்குக் கருத்தடை ஆபரேஷன் செய்தது பற்றி அவர் எழுதும் பக்கங்கள். அதற்குப் பிறகு அதன் மிடுக்கு போய்விட்டது, உடம்பு தடித்துவிட்டது, நாம் அதற்கு அநியாயம் செய்துவிட்டோம் என்ற குற்றவுணர்ச்சி அந்தப் பக்கங்களில் கனமாகத் தொங்குகிறது. உணர்ச்சி உண்மையானது, மறுக்கவில்லை. எங்கள் இரண்டாவது பூனையும் குண்டாகிவிட்டது. ராத்திரி மதில் மேல் உட்கார்ந்து ஊரையே எழுப்பிய அந்தக் குரல் இப்போது இல்லை. சில சமயம் எனக்கே அந்தக் குரல் வேண்டும்போல இருக்கிறது. ஆனால் அந்த அறையையும் ரிவால்வரையும் எழுதிய அதே கை, சில அத்தியாயங்கள் தள்ளி ஆபரேஷனுக்காக இரங்கல் எழுதும்போது, இரண்டையும் ஒரே தராசில் வைத்துப் பார்த்திருக்க வேண்டாமா? நாற்பது பூனைகளின் நினைவு அங்கே வந்திருக்க வேண்டும். வராததால் அந்த இரங்கல் கொஞ்சம் சொகுசாகத் தெரிகிறது.

இரண்டாவது இன்னும் பெரியது. சுட்ட பூனைகளின் உடல்களை அள்ளிக்கொண்டு போய்ப் பாழுங்கிணற்றில் போட்டவர்கள் வேலைக்காரர்கள். அவர்களுக்குப் பெயரில்லை, ஒரு வரியில் வந்து ஒரு வரியில் போகிறார்கள். 1930இல் நிலப் பங்கீட்டுச் சட்டம் போட்டு, யார் எங்கே வாழலாம் என்று தோல் நிறத்தை வைத்து வரையறுத்த நாடு அது. லெஸ்ஸிங்குக்கு இது தெரியாததல்ல. ‘தி கிராஸ் இஸ் சிங்கிங்’ நாவலை 1950இலேயே எழுதியவர். 1956இல் அந்த நாடு அவருக்குத் தன் கதவை மூடியது. அப்படிப்பட்டவர் பூனை நூலில் மட்டும் அந்த ஒரு வரியோடு நிறுத்திக்கொள்கிறார். எண்ணிக்கையை முடிவு செய்தது ஒருவர், சுட்டது ஒருவர், அள்ளியது இன்னொருவர். இந்தப் படிக்கட்டின் கடைசிப் படியில் நின்றவர்கள் என்ன நினைத்தார்கள் என்று கேட்காமல் விட்டது இந்த நூலின் குறை. என் அத்தை கோணிப்பையைத் தானேதான் சுமந்தார் என்பது இங்கே எனக்கு முக்கியமாகப் படுகிறது.

ஆனால் லெஸ்ஸிங்கே தனக்குப் பதில் சொல்லிக்கொண்டது போல 1972இல் ஒரு சிறுகதை வந்தது: ‘ஆன் ஓல்ட் வுமன் அண்ட் ஹெர் கேட்’. பழைய துணி வாங்கி விற்கும் ஹெட்டி என்ற கிழவி, டிப்பி என்ற கடுவன் பூனை. பெற்ற பிள்ளைகளுக்கு அவள் ஓர் அவமானம். முதியோர் இல்லத்துக்குப் போகலாம் என்று நகராட்சி சொல்கிறது, ஆனால் பூனையை அங்கே சேர்க்க மாட்டார்கள். அவள் பூனையைத் தேர்ந்தெடுத்து, இடியப்போகும் ஒரு வீட்டில் ஒளிந்து, குளிரில் சாகிறாள். பிறகு பூனையும் பிடிபட்டு ஊசி போட்டுக் கொல்லப்படுகிறது. இங்கே ஒன்றே அதிகமாகிவிடுகிறது. பண்ணை வீட்டில் நாற்பதைத் தாங்கும் வெளி இருந்தும் ஒன்றுதான் மிஞ்சியது. லண்டனில் ஒன்றுக்கும் இடமில்லை. எத்தனை பூனை வளர்க்கலாம் என்பதை அன்பு முடிவு செய்வதாக நாம் சொல்லிக்கொள்கிறோம். வாடகையும் சுவரும் ஓனரும் பக்கத்தில் உட்கார்ந்து அதே கணக்கைப் போட்டுக்கொண்டிருக்கிறார்கள். இந்தச் சிறுகதையோடு சேர்த்து வாசிக்கும்போதுதான் பூனை நூல் முழுமையடைகிறது.

இதையெல்லாம் எழுதிக்கொண்டிருக்கும்போது மாடிக்கும் கீழுக்குமாக நான் குட்டி போட்ட பூனை மாதிரி அலைந்துகொண்டிருந்தேன். நேற்று டாக்டரிடம் பேசினேன். “குட்டிங்க பால் மறந்ததும் தாயைக் கொண்டுவந்துடுங்க, தள்ளிப்போட்டீங்கன்னா அடுத்தது பிடிச்சுடும்” என்றார். லெஸ்ஸிங்கின் அம்மாவுக்கும் என் அத்தைக்கும் இப்படி ஒரு வாய்ப்பு இருக்கவில்லை. வாளியையும் கோணிப்பையையும் தவிர அவர்கள் கையில் வேறு எதுவும் இல்லை. இருந்திருந்தால் கல் நெஞ்சு என்ற பட்டம் அவர்களுக்குத் தேவைப்பட்டிருக்காது. அத்தை இப்போது இல்லை. அந்த இரண்டு நாட்கள் பேசாமல் இருந்ததற்கு நான் அவரிடம் ஒன்றும் சொல்லவே இல்லை.

இரண்டு குட்டிகளைக் கேட்டு இரண்டு வீடுகளிலிருந்து ஆள் சொல்லியாயிற்று. மூன்றாவதற்கு விசாரித்துக்கொண்டிருக்கிறேன். நான்காவதற்கு மனைவி பெயர் வைத்துவிட்டாள். ஆக, ஓனரிடம் நான் போய்ப் பேச வேண்டும். ஆபரேஷன் முடிந்து திரும்பி வரும் தாய்ப்பூனை மாடிப் பூனை, அது கணக்கில் வராது என்கிறாள். வரும் என்கிறேன் நான். எப்படியானாலும் கூடையைத் தூக்கிக்கொண்டு போவது இந்த முறை நான்தான்.