உணவுக் குறிப்பும் உரைகல்லும்

நம் நாளிதழ்களின் வாரப் பதிப்புகளில் கதைக்கும் கவிதைக்கும் நிகராக விரும்பிப் படிக்கப்படுவது உணவுக் குறிப்பு. கதையில் குறை கண்டால் எழுதுகிறோம். வெண்பாவில் தளை தட்டினால் ஆசிரியருக்குக் கடிதம் விடுக்கிறோம். ஆனால், உணவுக் குறிப்பைத் திறனாய்வுக்குரிய எழுத்தாக நம்மிற் பலர் கருதுவதே இல்லை. தளை தட்டினால் செவி நோகும். உணவுக் குறிப்புப் பிழைபட்டாலோ உடல் நோகும். ஆதலின் இவ்வெழுத்தையும் உரைகல்லில் தேய்த்துப் பார்ப்பது நம் கடனாகிறது.

எனக்கு அறிமுகமான ஓய்வு பெற்ற தமிழாசிரியர் ஒருவர், 'நீரிழிவுக்காரர்க்குக் கேழ்வரகுக் கஞ்சி அமுதம்' என்னும் குறிப்பை இதழொன்றிலிருந்து கத்தரித்துச் சமையலறைச் சுவரில் ஒட்டிவைத்திருந்தார். நாள்தோறும் காலையில் இரண்டு பெரிய குவளை கஞ்சி அருந்தினார். சில வாரங்களுக்குப் பின் மருத்துவர் சோதித்தபோது சர்க்கரை முன்னிலும் ஏறியிருந்தது. "அச்சில் வந்ததாயிற்றே, ஐயா!" என்றார் அவர். அந்த ஒரு சொல்லில் அடங்கியுள்ள நம்பிக்கையே நம் இதழ்களின் முதல். அதனைச் செலவழிக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

அக்குறிப்பில் அப்பட்டமான பொய் எதுவும் இருந்ததா என்று பார்த்தேன். 'பாலைக் காட்டிலும் ஏறத்தாழ மும்மடங்கு சுண்ணாம்புச்சத்து கேழ்வரகில் உண்டு' என்றிருந்தது. ஐதராபாத்திலுள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனத்தின் பழைய அட்டவணைப்படி 100 கிராம் கேழ்வரகில் 344 மில்லிகிராமும், 100 கிராம் பசும்பாலில் 120 மில்லிகிராமும் சுண்ணாம்புச்சத்து உள்ளன. ஆகவே கூற்று மெய்யே. ஆயினும் கேழ்வரகை 100 கிராம் மாவாக ஒரே வேளையில் அருந்துவார் யார்? ஒரு குவளைக் கஞ்சிக்கு 20 கிராம் மாவு என்று கொண்டால், அதிற் கிடைப்பது சற்றேறக்குறைய 69 மில்லிகிராம். 200 கிராம் பால் கொள்ளும் குவளையிலோ 240. அட்டவணையில் கேழ்வரகு வென்றது. குவளையில் பால் வென்றுவிட்டது! அளவை மறைத்த உண்மை, பொய் செய்யும் வேலையையே செய்து முடிக்கிறது.

நிற்க. நீரிழிவுக்கு அது அமுதமா என்பது வேறு வினா. கேழ்வரகின் எடையில் மூன்றில் இரண்டு பங்கிற்குக் குறையாமல் மாவுச்சத்தே. நன்கு அரைத்து, நெடுநேரம் காய்ச்சிய கஞ்சியில் அது விரைவில் செரித்துக் குருதியிற் சர்க்கரையாகச் சேரும். களியா, கஞ்சியா, அடையா, எவ்வளவு, எதனோடு என்பனவெல்லாம் சொல்லாமல் 'அமுதம்' என்ற ஒரு சொல்லால் முடித்துவிடுவது உவமையழகு ஆகலாம், அறிவுரை ஆகாது.

இத்தகைய குறிப்புகளின் தலைப்பிற் பெரும்பாலும் திருக்குறள் ஒன்று கொலுவிருக்கும். 'மருந்து' என்னும் 95-ஆம் அதிகாரத்தைப் புரட்டிப் பாருங்கள். பத்துக் குறளிலும் ஒரு கீரையின் பெயரோ, ஒரு தானியத்தின் பெயரோ இல்லை. முன் உண்டது செரித்ததா, இப்போது உண்பதற்கு அளவு யாது என்பவையே வள்ளுவரின் கவலை. அளவை வற்புறுத்திய புலவரை முகப்பில் நிறுத்திவிட்டு, உள்ளே அளவே இல்லாமல் எழுதுவது என்ன நேர்மை?

அடுத்தது மூலம் பற்றியது. 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ. வே. சாமிநாதையர் ஓர் ஏட்டோடு நின்றாரில்லை. பல ஏடுகளைத் தேடி ஒப்புநோக்கினார். உணவுக் கணக்கிலும் பாடபேதம் உண்டு. மேற்சொன்ன 344, அதே நிறுவனத்தின் 2017-ஆம் ஆண்டுப் புதிய அட்டவணையில் 364 ஆகிறது. எந்தப் பதிப்பு என்று சொல்லாத எண், எந்த ஏடு என்று சொல்லாத பாடத்தை ஒக்கும்.

மூலம் தேடாமையின் கேட்டிற்குப் பசலைக்கீரைக் கதை நல்ல சான்று. அக்கீரையில் இரும்புச்சத்து மிகுதி என்ற புகழ், தசமப் புள்ளி இடம் மாறியதால் பத்து மடங்காகப் பெருகிய பிழை என்று ஹேம்பிளின் என்னும் மருத்துவர் 1981-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் எழுதினார். உலகம் அதனைக் கைதட்டி ஏற்றது. 2010-இல் மைக் சட்டன் என்னும் ஆய்வாளர் அந்தப் புள்ளியைத் தேடிப் போனார். அப்படியொரு பிழை நேர்ந்ததற்கு ஆதாரமே கிட்டவில்லை. பிறர் பிழையைத் திருத்த வந்த கதையே மூலமில்லாக் கதையாயிற்று! திருத்துவோரும் மூலம் காண வேண்டும் என்பது இதனாற் பெறப்படும் பாடம்.

இத்துணைக் கண்டிப்பு வேண்டுமா என்று கேட்பார் உளர். மலேசியாவின் 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வில் வயதுவந்தோருள் 18.3 விழுக்காட்டினர்க்கு நீரிழிவு காணப்பட்டது. இந்தியரிடையே அது 31.4 விழுக்காடு. நம் பக்கத்தைப் புரட்டுவோருள் எத்தனை பேர் நோயாளர் என்பதை இதனால் உய்த்துணரலாம். பொழுதுபோக்காக எழுதப்படுவது அவர்கள் வீட்டில் மருந்துச் சீட்டாக வாசிக்கப்படுகிறது.

ஆகவே, அச்சேறுமுன் ஒவ்வொரு குறிப்பிடமும் ஐந்து வினாக்கள் கேட்கப்படுதல் வேண்டும். ஒன்று: அளவு, உண்ணும் அளவிற் சொல்லப்பட்டதா? இரண்டு: பச்சையா, உலர்ந்ததா, சமைத்ததா? மூன்று: எண் எங்கிருந்து, எந்த ஆண்டிலிருந்து வந்தது? நான்கு: எவர் உண்ணலாகாது, எவர் மருத்துவரைக் கேட்டு உண்ண வேண்டும்? ஐந்து: எழுதியவர்க்கு அப்பொருளை விற்பதில் ஊதியம் உண்டா? இவற்றைக் கடந்தும் பிழை நேரின், பிழை வந்த இடத்திலேயே திருத்தமும் வருதல் முறை.

சிறு பத்தியில் இவ்வளவும் அடங்குமா? அடங்கும். 'ஒரு குவளைக் கேழ்வரகுக் கஞ்சியில் சுண்ணாம்புச்சத்து சுமார் 70 மில்லிகிராம் உண்டு. பாலில் அதனினும் மிகுதி. மாவுச்சத்து நிறைந்ததாகலின் நீரிழிவுடையோர் அளவை மருத்துவரிடம் கேட்டறிக.' இதனுடன் அட்டவணையின் பெயரையும் ஆண்டையும் சேர்த்தாலும் நான்கு வரியைத் தாண்டாது. 'அமுதம்' மட்டுந்தான் விடுபடும்.

ஆசிரிய அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கருத்துணர்தற் பயிற்சிக்கென இத்தகைய குறிப்புகளை வகுப்பிற்கு எடுத்துச் செல்கின்றீர்கள். இனி, 'இப்பத்தியின் மையக்கருத்து யாது?' என்று கேட்டபின், 'இதனை எழுதியவர்க்கு எப்படித் தெரியும்?' என்றும் கேளுங்கள். அவ்வினாவைக் கேட்கப் பழகிய மாணவன் நாளை இதழாசிரியனாகவும் வரக்கூடும்; இல்லையேல், தன் தாத்தாவின் சமையலறைச் சுவரிலிருக்கும் தாளையேனும் ஒருமுறை நின்று படிப்பான்.