64 பிட்டுக்கு மாறிய லேப்டாப், மாற மறுத்த பிரிண்டர்

பத்து வருஷத்துக்கு மேல் உழைத்துக் களைத்த லேப்டாப்பை டெபியன் 13-க்கு மாற்றலாமா? தாராளமாக மாற்றலாம். ஆனால் பிரிண்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொண்டு மாற்றுவது நல்லது.

இந்த விமர்சனத்துக்குக் கிடைத்த லேப்டாப், தமிழ்நாடு அரசு 2011-ல் தொடங்கிய இலவச மடிக்கணினித் திட்டத்தில் வந்தது. திட்டம் நடந்த ஆண்டுகளில் 50 லட்சத்துக்கும் மேற்பட்ட மாணவர் கைகளுக்குப் போன கருவிகளில் ஒன்று. அக்கா படித்து முடித்து, தம்பி படம் பார்த்து முடித்து, இப்போது கடலூர் மாவட்டம் நெல்லிக்குப்பத்தில் ஒரு ஜெராக்ஸ் கடையின் மேசையில் உட்கார்ந்திருக்கிறது. பேட்டரி செத்து நெடுநாளாகிவிட்டதால் எப்போதும் சார்ஜரில்தான் இருக்கும். இன்டெல் பென்டியம், 2 ஜிபி மெமரி, 320 ஜிபி ஹார்டு டிஸ்க். இதற்கு மேல் அதன் ஜாதகத்தைச் சொல்லத் தேவையில்லை, தமிழ்நாட்டில் பாதி வீடுகளுக்குத் தெரியும்.

அந்த முதல் தவணை லேப்டாப்புகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே வந்தது. சென்னை சி-டாக் நிறுவனம் டெபியனை அடித்தளமாக வைத்து உருவாக்கிய இயங்குதளம் அது. கிடைத்தவர்களில் பலர் அதைத் திறந்தே பார்க்கவில்லை. இந்தக் கடையில் அதன் இடத்தில் பின்னாளில் டெபியன் ஏறியது. ஏற்றியவர் போட்டது 32 பிட் பதிப்பு.

இங்கேதான் எரிச்சல் தொடங்குகிறது. அந்தச் சிப் பிறவியிலேயே 64 பிட். ஏஎம்டி நிறுவனம் தன் ஆப்டெரான் சிப்பில் 64 பிட்டைக் கொண்டுவந்தது 2003-ல். இன்டெலும் அதே வழிக்கு வந்து, 2006-ல் கோர் 2 வெளியானபோது அது வழக்கமாகிவிட்டது. ஆக, 2011-ல் வந்த பென்டியத்துக்கு அது புதிதல்ல. ஆனாலும் சர்வீஸ் கடைகளில் ஒரு பாட்டு விடாமல் ஓடிக்கொண்டிருக்கிறது: “மெமரி ரெண்டு ஜிபிதானே, 32 பிட்டே போதும்ண்ணே.” 4 ஜிபிக்கு மேல் மெமரி இருந்தால்தான் 64 பிட் என்று யாரோ எப்போதோ சொன்னது வேதவாக்காகிவிட்டது. இன்னொரு குழப்பமும் உண்டு. டெபியனின் 64 பிட் பதிப்புக்கு ஏஎம்டி64 என்று பெயர். லேப்டாப்பில் இன்டெல் ஸ்டிக்கர் ஒட்டியிருப்பதைப் பார்த்து, இது நமக்கில்லை என்று ஒதுக்கிவிடுகிறார்கள். இரண்டு நிறுவனத்தின் சிப்பிலும் ஓடுவது அதுதான்.

இப்போது இந்தப் பேச்சு ஏன் என்றால், கதவுகள் ஒவ்வொன்றாக மூடுகின்றன. ஆர்ச் லினக்ஸ் 32 பிட்டை 2017-ல் கைவிட்டது. ஃபெடோரா 31-லிருந்து 32 பிட் கெர்னல் தருவதை நிறுத்தியது; அது 2019. பழைய கணினிகளின் பெரும் புகலிடமாக இருந்தது டெபியன். 2025 ஆகஸ்ட் 9 அன்று வந்த டெபியன் 13-ல் அதுவும் 32 பிட் இன்டெல் வகைக்குக் கெர்னலும் இன்ஸ்டாலரும் இல்லை என்று சொல்லிவிட்டது. ஃபயர்பாக்ஸ் தன் பங்குக்கு, லினக்ஸில் 32 பிட் ஆதரவை 144-ஆம் பதிப்போடு முடித்துக்கொண்டது. பிரவுசர் புதுப்பிக்கப்படாத கணினியில் சிட்டா, அடங்கல் இறக்கலாம், பேங்க் வேலை பார்க்க எந்தக் கடைக்காரருக்கும் மனசு வராது.

மாற வழிகள் இரண்டு. ஒன்று, எல்லாவற்றையும் பெயர்த்துவிட்டுப் புதிதாக 64 பிட் போடுவது. இன்னொன்று, ஓடிக்கொண்டிருக்கும் கணினியை உட்கார்ந்த இடத்திலேயே 32-லிருந்து 64 ஆக்குவது. இரண்டாவதற்கு டெபியனில் கிராஸ்கிரேடு என்று பெயர். செய்ய முடியும், ஆனால் ஆபத்தானது என்று டெபியன் 13-ன் வெளியீட்டுக் குறிப்பே எச்சரிக்கிறது. எச்சரித்தால் விமர்சகர்கள் கேட்பார்களா? அதைத்தான் முதலில் செய்துபார்ப்பார்கள்.

முதல் படி அவ்வளவு சுலபம். டெபியன் 12-ல் இருக்கும்போதே ஏஎம்டி64 வகையையும் ஏற்றுக்கொள் என்று பேக்கேஜ் மேலாளரிடம் சொல்லி, 64 பிட் கெர்னலை மட்டும் இறக்கி, ஒருமுறை ரீஸ்டார்ட் செய்தால் போதும். கெர்னல் 64, மேலே ஓடும் மென்பொருளெல்லாம் பழைய 32. இந்த அரைகுறை நிலையில் லேப்டாப் முணுமுணுக்காமல் வேலை செய்கிறது. பலருக்கும் தெரியாத நல்ல இடைத்தங்கல் இது.

அடுத்த படிதான் வயிற்றைக் கலக்கும். பேக்கேஜ்களை நிர்வகிக்கும் மென்பொருளையே 64 பிட்டாக மாற்ற வேண்டும். மாறிய அந்த நொடியிலிருந்து, கணினியில் உள்ள மற்ற எல்லாமே அதற்கு அந்நியச் சரக்கு. ஒவ்வொன்றுக்கும் 64 பிட் ஜோடியை இறக்கி, பழையதைக் கழற்றி, நடுவில் எது எதைச் சார்ந்திருக்கிறது என்ற சண்டையைத் தீர்த்துக்கொண்டே போக வேண்டும். டெபியனிலேயே கிராஸ்கிரேடர் என்ற துணைக்கருவி இருக்கிறது. இருந்தும் பக்கத்தில் ஆள் இருந்தாக வேண்டும். நடுவில் கரண்ட் போனால், பேட்டரி செத்த லேப்டாப்பின் கதி என்ன? 2011 டிசம்பர் 30-ல் தானே புயல் அடித்து, வாரக்கணக்கில் இருட்டில் கிடந்த கடலூர் மாவட்டத்தில் இந்தக் கேள்வியை யாரும் சிரித்துக் கடக்க மாட்டார்கள். யுபிஎஸ் இல்லாமல் இதைத் தொடவே கூடாது.

மாறி முடிந்ததும் வேகம் கூடியதா? வீடியோவிலும், பூட்டுச் சின்னம் போட்ட இணையப் பக்கங்களிலும் கூடியது தெரிகிறது. 32 பிட்டில் சிப்பின் கைக்கு எட்டிய பொதுப் பதிவேடுகள் எட்டுதான், 64 பிட்டில் பதினாறு. அதே சமயம் மெமரியில் ஓர் இடத்தைச் சுட்ட முன்பு 4 பைட் போதும், இப்போது 8 பைட் வேண்டும். 2 ஜிபிக்குள் குடும்பம் நடத்தும் பிரவுசர் அதை உடனே உணர்கிறது. சர்வீஸ் கடைக்காரர் பாட்டில் இருந்த கொஞ்சூண்டு உண்மை இதுதான். பழைய டிடிஆர்3 மெமரி ஒரு குச்சியும், ஹார்டு டிஸ்க்குக்குப் பதில் சின்ன எஸ்எஸ்டியும் போட்டுவிட்டால் அதுவும் பேச்சில்லை.

தமிழுக்கு ஒரு கீறலும் இல்லை. தமிழ்99 தட்டச்சுக்கான எம்17என் அட்டவணைகள் வெறும் எழுத்துக் கோப்புகள். டெபியன் அவற்றை எந்தச் சிப்புக்கும் பொதுவான பேக்கேஜாகவே வைத்திருக்கிறது. லோகித் தமிழ் எழுத்துருவும் அப்படியே. நேற்றுவரை அடித்த விண்ணப்பங்கள் எல்லாம் லிப்ரே ஆபீஸில் அதே வரியில் திறந்தன. கணக்கு மென்பொருள் ஏதாவது போஸ்ட்கிரஸ் தரவுத்தளத்தில் ஓடினால் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: அதன் கோப்புறையை அப்படியே தூக்கி வைக்க முடியாது, முதலில் டம்ப் எடுக்க வேண்டும்.

எல்லாம் முடிந்து, கரும்பு விவசாயி ஒருவர் சிட்டா நகல் கேட்டு வந்து நின்றபோதுதான் பிரிண்டர் தன் சுயரூபத்தைக் காட்டியது.

கம்பெனி பெயர் வேண்டாம். எத்தனையோ ஜெராக்ஸ் கடைகளில் இருக்கும் சின்ன லேசர் பிரிண்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உருளை மாற்றி, டோனர் நிரப்பி, பத்து பதினைந்து வருஷம் ஓட்டுகிறார்கள். இரும்பு போன்ற உடம்பு, அதில் குறையே இல்லை. அதற்கான லினக்ஸ் டிரைவரைக் கம்பெனி கொடுத்திருக்கிறது, 64 பிட்டுக்கும் கொடுத்திருக்கிறது. மூலநிரலை முழுதாகக் கொடுக்கவில்லை; முக்கியமான பகுதி மூடிய பெட்டி. அந்த 64 பிட் பேக்கேஜைப் பிரித்துப் பார்த்தால் உள்ளே, பின்னணியில் பிரிண்டரோடு பேசும் புரோகிராம் மட்டும் இன்னும் 32 பிட்!

விளைவு, டிரைவர் பிழையில்லாமல் ஏறுகிறது, பிரிண்டர் பட்டியலில் பெயர் தெரிகிறது, அச்சுக் கட்டளை வரிசையில் போய் நிற்கிறது. தாள் மட்டும் வராது. என்னதான் நடக்கிறதென்று டெர்மினலில் அந்தப் புரோகிராமை நேரடியாக ஓட்டினால், ஓட்ட முடியாது, தேவையான கோப்பு இல்லை என்கிறது லினக்ஸ். புரோகிராம் கோப்பு கண்ணெதிரே இருக்கிறது! பட்டியல் போட்டால் வருகிறது, அளவு காட்டுகிறது, ஓட அனுமதியும் இருக்கிறது. உண்மையில் இல்லாதது, 32 பிட் புரோகிராமை மெமரியில் ஏற்றிவிடும் துணைக்கோப்பு. லினக்ஸ் அதன் பெயரைச் சொல்லாமல், மொட்டையாக ‘தேவையான கோப்பு இல்லை’ என்கிறது. சுதந்திர மென்பொருள் உலகத்தின் மீது அன்பு வைத்தவர்களையே தலையில் அடித்துக்கொள்ள வைக்கும் இடம் இது.

தீர்வு இருக்கிறது. இவ்வளவு பாடுபட்டு வாசல் வழியாக அனுப்பிய 32 பிட்டைக் கொல்லைப்புறமாகத் திரும்ப அழைக்க வேண்டும். ஐ386 என்ற 32 பிட் வகையைச் சேர்த்து, சி நூலகமும் அது கேட்கும் மற்ற நூலகங்களும் 32 பிட்டில் ஏற்றினால் தாள் வருகிறது. டெபியன் 13 கெர்னலைத்தான் நிறுத்தியதே தவிர, 32 பிட் நூலகங்களை இன்னும் வைத்திருக்கிறது. இந்த மாதிரிப் பழைய மூடிய புரோகிராம்களுக்காகத்தான் வைத்திருக்கிறது. அதற்கு ஒரு விலையும் கொடுத்திருக்கிறது. 32 பிட் ஏஆர்எம் வகைகளில் நேரத்தை 64 பிட்டில் எண்ணும்படி டெபியன் 13 மாற்றிக்கொண்டது. பழைய புரோகிராம்கள் உடைந்துவிடும் என்பதால் ஐ386-ஐ மட்டும் அப்படியே விட்டது. அதனால் அந்த டிரைவரின் கடிகாரம் 2038 ஜனவரி 19, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடத்தோடு எண்ண முடியாமல் நிற்கும். அதுவரை பிரிண்டர் உயிரோடு இருந்தாலும் ஆச்சரியமில்லை.

மூலநிரல் கையில் இருந்தவை அத்தனையும் இந்த மாற்றத்தில் சத்தமில்லாமல் கரையேறின. கெர்னல், லிப்ரே ஆபீஸ், பிரவுசர், படம் ஓட்டும் விஎல்சி, எல்லாவற்றையும் யாரோ ஒரு தன்னார்வலர் புதுச் சிப்புக்காக மறுபடி கம்பைல் செய்து வைத்திருக்கிறார். இன்றைய 64 பிட்டோடு இது முடிவதும் இல்லை. டெபியன் 13 முதன்முறையாக ரிஸ்க்-ஃபைவ் வகையையும் அதிகாரபூர்வமாகச் சேர்த்திருக்கிறது. சென்னை ஐஐடி-யின் சக்தி சிப் அந்த வழியில் வந்ததுதான். 2018-லேயே அதில் லினக்ஸ் ஓடிவிட்டது. நாளை அந்த வகைச் சிப் ஒரு மலிவு லேப்டாப்பில் வந்தால், அதில் தமிழ்99 ஓடும், லிப்ரே ஆபீஸ் ஓடும். மேலே சொன்ன கம்பெனி டிரைவர் ஓடாது. ராஸ்பெர்ரி பையின் ஏஆர்எம் சிப்பிலேயே அது இன்றைக்கு ஓடாது. பிரிண்டரின் பேச்சைத் தோண்டி எடுத்து ஆர்வலர்கள் எழுதிய சுதந்திர டிரைவர் ஒன்று அங்கே கைகொடுக்கிறது, எல்லா மாடலுக்கும் அல்ல.

இனி வாங்கும் பிரிண்டர் ஏர்பிரிண்ட் அல்லது ஐபிபி எவ்ரிவேர் தெரிந்ததா என்று பெட்டியில் பாருங்கள். இருந்தால் தனி டிரைவரே வேண்டாம், எந்தச் சிப்பாக இருந்தாலும் லினக்ஸின் அச்சு மென்பொருளான கப்ஸ் அச்சடித்துவிடும். லேப்டாப்பைப் பொறுத்தவரை, கிராஸ்கிரேடு பொழுதுபோக்குக்குச் சரி, கடைக்கு வேண்டாம். ஹோம் கோப்புறையை நகலெடுத்துவிட்டு 64 பிட் டெபியன் 13-ஐப் புதிதாகப் போடுங்கள், ஒரு மதியத்தில் முடியும். டெர்மினலில் எல்எஸ்சிபியு என்று அடித்தால் சிப் எந்த வகை என்று தெரிந்துவிடும். 2008 வாக்கில் வந்த ஆட்டம் என்270 நெட்புக் போல நிஜமாகவே 32 பிட்டாக இருந்தால் டெபியன் 12-லேயே இருங்கள். அதற்கான நீண்டகாலப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2028 ஜூன் 30 வரை வரும்.